தோட்டா கேஸின் கழுத்துக்குள் ஒட்டும் லூப் (மசகு): எப்படி எடுப்பது?

துப்பாக்கித் தோட்டாவை வீட்டில் மறுபடி நிரப்பும்போது, லானோலின் (ஆட்டு ரோமக் கொழுப்பு) கலந்த லூப் பூசி சைஸ் செய்த, அதாவது அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்த, கேஸ்களின் (பித்தளைக் கூடுகளின்) கழுத்துக்குள் பிசுபிசுப்பு தங்குகிறது, ஊற்றும் வெடிமருந்துத் துகள்கள் அதில் ஒட்டுகின்றன என்று கேட்டிருந்தீர்கள். ப்ரைமர் (அடித்தால் வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) பொருத்தும் முன்பே அதை எடுத்துவிடுங்கள். லூப் ப்ரைமரைத் தொட்டால் அது வெடிக்காமல் போகலாம்.

நீங்கள் சொல்லும் லானோலின் கலவை வெறும் தண்ணீருக்கு அசையாது. 91 அல்லது 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வேண்டும். பஞ்சுக்குச்சியை நனைத்துக் கழுத்துக்குள் இரண்டு சுற்று சுற்றினால் போதும். பஞ்சு அழுக்கானதும் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் லூப்பை அடுத்த கேஸுக்குப் பூசிக்கொண்டுதான் இருப்பீர்கள். தீப்பற்றும் திரவம் என்பதால் காற்றோட்டம் முக்கியம். வெடிமருந்து டப்பா அந்த மேசையிலேயே இருக்கக் கூடாது.

கேஸ்கள் நிறைய என்றால் சோளத்தக்கைத் தூளில் 20 முதல் 30 நிமிடம் டம்ப்ளரில் (கேஸ்களைத் துலக்கும் இயந்திரத்தில்) ஓட்டுங்கள். வெளிப்புற லூப்பும் போய்விடும். அதை விட்டுவைத்தால் சுடும்போது கேஸ் துப்பாக்கியின் சேம்பர் (தோட்டா அமரும் அறை) சுவரைப் பிடிக்காது, அந்த அறையைப் பின்னால் அடைக்கும் போல்ட் மீது அழுத்தம் கூடும். பிறகு ஒவ்வொரு கேஸிலும் ப்ரைமரின் தீ உள்ளே வரும் தீப்பொறித் துளையைப் பாருங்கள், தூள் அடைத்திருக்கலாம்.

ஈரமாகக் கழுவினால் முழுக்க உலர வேண்டும். அவசரத்துக்கு அதிக வெப்பம் காட்டாதீர்கள், பித்தளை உறுதி இழந்து மென்மையாகிவிடும். கண்ணாடிபோல் துலக்கிய கழுத்தும் சிக்கல்தான்: குண்டை அமர்த்தும்போது இழுத்துப் பிடிக்கும், விசை கேஸுக்குக் கேஸ் மாறும். உட்புறம் கிராஃபைட் தூளை மெலிதாகத் தொட்டால் அது சீராகும்.

அடுத்த முறை உள்ளே பூசும் லூப்பையே குறைத்துவிடுங்கள். நான்கைந்து கேஸுக்கு ஒருமுறை நைலான் பிரஷில் லேசாகத் தடவினாலே எக்ஸ்பாண்டர் (சைஸ் செய்யும்போது கழுத்தை உள்ளிருந்து விரிக்கும் உருண்டை) வழுக்கிக்கொண்டு வரும்.