வீட்டிலேயே காய்கறி வளர்த்தால் இதயத்துக்கு நல்லது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். ஆனால் தொட்டியில் வளர்ந்த கீரையில் தனி மருந்து எதுவும் இல்லை. பறித்த கையோடு சமைப்பதால் வைட்டமின் சி, ஃபோலேட் கொஞ்சம் கூடுதலாக மிஞ்சும், அவ்வளவுதான். பெரிய வித்தியாசம் நாம் சாப்பிடும் அளவில்தான் வருகிறது. நாளுக்கு 400 கிராமாவது காய்கறி, பழம் சாப்பிடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். செடி காய்த்துத் தள்ளினால், வீணாக்க மனமில்லாமலாவது சாப்பிடுவோம்.

சரி, உடலுக்குள் என்ன நடக்கிறது? கீரையிலும் பீட்ரூட்டிலும் நைட்ரேட் நிறைய. வாயில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்ற, உடல் அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு உண்டாக்குகிறது. அது ரத்தக்குழாய்களைத் தளர்த்துவதால் ரத்த அழுத்தம் குறைகிறது. (கிருமிநாசினி மவுத்வாஷால் அடிக்கடி வாய் கொப்பளித்தால் இந்தப் பாக்டீரியாக்களும் போய்விடும்!) காய்கறியில் உள்ள பொட்டாசியம், ரத்த அழுத்தத்தைக் கூட்டும் சோடியத்தை (உப்பில் இருப்பது) சிறுநீரில் வெளியேற்ற உதவுகிறது. வெண்டைக்காய், கத்தரிக்காய் போன்றவற்றின் கரையும் நார்ச்சத்து குடலில் பித்த அமிலங்களைப் பிடித்துக்கொள்ளும். புதிதாகப் பித்த அமிலம் தயாரிக்கக் கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பை இழுத்துக்கொள்ளும்.

அப்புறம், மண் கொத்துவதும் தண்ணீர் சுமப்பதும் மிதமான உடற்பயிற்சிதான். பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது செய்ய வேண்டும் என்று சொல்லப்படும் உடற்பயிற்சிக் கணக்கில் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையை மாற்றிவிடும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் எவ்வளவு பொட்டாசியம் சேர்க்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.