"இன்றைய அவசர உலகில்…" என்ற வரியை முதலில் அடியுங்கள்

கேள்வி: இரண்டு வருடமாக இணையத்தில் வாரம் ஒரு கட்டுரை எழுதுகிறேன். நேர மேலாண்மை, தன்னம்பிக்கை, உறவுகளின் அருமை என்று எல்லாருக்கும் பயன்படும் விஷயங்கள்தான். பத்திரம் எழுதுவது என் தொழில். என் வீட்டார்கூடப் படிப்பதில்லை. வாசகர்களைப் பிடிக்க என்ன வழி? மூன்று கட்டுரைகளை இணைத்திருக்கிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மன்னார்குடி

பதில்: மூன்றையும் முழுசாகப் படித்தேன். மூன்றுமே "இன்றைய அவசர உலகில்" என்றுதான் தொடங்குகின்றன. அந்த வரியைப் பார்த்ததுமே, இனி வரப்போவதும் தனக்குத் தெரிந்த சங்கதிதான் என்று வாசகருக்குப் புரிந்துவிடுகிறது. அப்புறம் ஏன் மேலே படிக்கப்போகிறார்?

ஆனால் இரண்டாவது கட்டுரையின் நடுவில், போகிறபோக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள். சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறதே என்று நம்பி மனை வாங்கிய ஒருவர், பிறகு எங்கிருந்தோ ஒரு உயில் கிளம்பி வந்து கோர்ட்டுக்கு அலைந்தார் என்று. அடுத்த வரியிலேயே "எனவே வாழ்வில் பொறுமை அவசியம்" என்று தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அங்கிருந்து நகர மனசே வரவில்லை. உயிலைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, பதிவாகாதது வில்லங்கத்தில் ஏறாது, பதிவான மற்றப் பத்திரங்களிலும் நாம் கேட்ட வருடங்களுக்குள் இருப்பதுதான் வரும் என்பதெல்லாம் உங்களுக்கு அன்றாடப் பாடம். அட்வான்ஸ் கொடுத்துவிட்டு ராத்திரி தூக்கம் வராமல் போனில் தேடிக்கொண்டிருக்கிறாரே ஒருவர், அவருக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. அவருக்காக எழுதுங்கள். சொத்து முன்பு யாரிடமிருந்து வந்தது என்று காட்டும் தாய்ப்பத்திரத்தில் எதைப் பார்ப்பது, நாலு பக்க எல்லையைச் சொல்லும் செக்குபந்தியில் "கிழக்கே புளியமரம்" என்று எழுதியிருந்து அந்த மரமே இப்போது இல்லையென்றால் எல்லையை எப்படிக் கண்டுபிடிப்பது, எழுதி முடித்த கிரயப் பத்திரத்தை 4 மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுக்கவேண்டும் என்பது தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் என்ன ஆனார்கள் என்று எழுத உங்களிடம் ஒரு ஆயுளுக்கு விஷயம் இருக்கிறது. தன்னம்பிக்கை பற்றி எழுத ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள் ஐயா.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பை இன்றைக்கும் எடுத்தால் கீழே வைக்க முடிவதில்லை. என்ன எழுதினார்? எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி போட்டார்கள், பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்ஸ் தன்னிடம் என்ன கேட்டான், தான் என்ன பதில் சொன்னேன், கடைத்தெருவில் ஜனங்கள் என்ன பேசிக்கொண்டார்கள். 1748இல் இங்கிலீஷ்காரர்கள் ஊரை முற்றுகையிட்டபோதும் உள்ளே இருந்தபடி அதையே செய்தார். பேசுகிற தமிழிலேயே எழுதினார். அவர் நின்ற இடத்தில் வேறு யாரும் நிற்கவில்லை, அதனால் அவர் கண்ணில் பட்டது எல்லாமே நமக்குப் புதுசு. உங்கள் மேஜைக்கு முன்னாலும் தினம் நாலு குடும்பம் வந்து உட்காருகிறது, அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் கடைசி நிமிஷம் ஒருவர் கையெழுத்துப் போடாமல் எழுந்து போகிறார். அதைப் பார்க்கிற இடம் உங்களுடையது.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். "சிந்திக்க சில துளிகள்" என்று தலைப்பு வைத்தால் உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? "பதிவாகாத உயில் வில்லங்கத்தில் வருமா?" என்றே வையுங்கள், தேடுகிறவர் கையில் நேராகக் கிடைக்கும். போனில் படிப்பார்கள், பத்தியைச் சின்னதாக வெட்டுங்கள். வாரம் தவறக்கூடாது என்று விஷயம் இல்லாமல் எழுதுவதைவிட ஒரு வாரம் சும்மா இருப்பது மேல். யாராவது சந்தேகம் கேட்டால் "நன்றி, வணக்கம்" என்று முடித்துவிடாமல் முழுசாகப் பதில் சொல்லுங்கள், பாதி நேரம் அடுத்த கட்டுரையே அந்தக் கேள்விதான்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். கட்சிக்காரர் பெயர், ஊர், சர்வே நம்பர் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், கேஸ் நடந்துகொண்டிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அந்த உயில் விவகாரத்தை இப்படி எழுதி எனக்கு அனுப்புங்கள், நம் பத்திரிகையிலேயே போடுகிறேன்.