ஒன்ராறியோவின்ர சின்ன மலையளில ஸ்கீ பழகுறது: கேள்வி பதில்

வின்ரர் துவங்கினவுடன என்னட்ட வாற கேள்வியளுக்கு ஒரே இருப்பில பதில் எழுதுறன். சனி ஞாயிறில புதுசா வாற ஆக்களுக்கு அடிப்படை சொல்லிக் குடுக்கிறனான், அதால பழகுறதைப் பற்றிக் கேட்டால் நீட்டாச் சொல்லுவன்.

ஸ்காபரோ அண்ணை ஒராள்: முதல்தரம் போறம், மனிசியும் ரெண்டு பிள்ளையளும். புளூ மவுண்டனுக்கே போவமோ?

வேண்டாம் அண்ணை, முதல்நாள் அங்க போகாதேங்கோ. கொலிங்வுட் மட்டும் ரெண்டு மணித்தியாலம் ஓடி, பார்க்கிங் தேடி, வாடகைச் சாமானுக்கு லைனில நிண்டு, பிள்ளையள் பூட்ஸ் போடேக்கயே களைச்சுப் போயிடுவினம். உங்களுக்குக் கிட்ட அக்ஸ்பிரிட்ஜில லேக்ரிட்ஜ் இருக்கு, அஜாக்ஸ் ஒஷாவாப் பக்க ஆக்களுக்கு ஒரோனோவுக்குக் கிட்ட பிரிமகோம் இருக்கு, மிசிசாகா எண்டால் மில்ரனில கிளென் ஈடன், கார் இல்லாதவைக்கு பாதர்ஸ்ற் ஷெப்பர்ட் சந்தியடியில சிற்றியின்ர ஏர்ள் பேல்ஸ் இருக்கு. ரிக்கெற், வாடகை, பாடம் மூண்டும் சேர்த்து பழகுற ஆக்களுக்கெண்டே ஒரு பக்கேஜ் அநேகமா எல்லா இடமும் வச்சிருக்கினம், அதை ஒன்லைனில முதலே எடுங்கோ. வார நாளில பின்னேரம் போனால் இன்னும் நல்லம், லைற் போட்டிருப்பினம், சனமும் குறைவு.

ஒண்டை மட்டும் மறக்காதேங்கோ: பாடம் எடுக்காமல் மேல ஏறாதேங்கோ. "நான் காட்டித்தாறன் வா மச்சான்" எண்டு கூட்டிக்கொண்டு போற சிநேகிதரை நம்பி மேல போய், நிப்பாட்டத் தெரியாமல் நேர கீழ வாற ஆக்களைக் கிழமைக்குக் கிழமை பாக்கிறன். ஸ்கீயில முதல் பழக வேண்டியது ஓடுறது இல்ல, நிக்கிறது. முன் நுனி ரெண்டையும் கிட்டக் கொண்டுவந்து, குதியை அகட்டி, பாரத்தைக் கால் முன்னெலும்பில வச்சு நிக்கிறது, இதைத்தான் பிள்ளையளுக்கு "பீற்சா" எண்டு சொல்லிக் குடுக்கிறவை. அது வந்தால் மிச்சம் தன்பாட்டில வரும்.

மார்க்கம் அக்கா: ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போகலாமோ? மேசு எத்தினை சோடி?

ஜீன்ஸ் வேண்டாம். விழுந்தால் நனையும், நனைஞ்சால் பேந்து சூடு வராது. மேசு மெல்லிசா, முழங்காலுக்குக் கீழ மட்டும் வாற நீளமா ஒரே ஒரு சோடி. குளிருமெண்டு ரெண்டு சோடி போட்டால் பூட்ஸ் இறுக்கி இரத்தோட்டம் குறைஞ்சு கால் இன்னும் கூட விறைக்கும். கழுத்துக்கு நீளச் சால்வை கட்டாதேங்கோ அக்கா, ஆக்களை மேல ஏத்திற லிஃப்ற்றில மாட்டினால் ஆபத்து, கழுத்தை மூடுற வளையம் மாதிரி ஒண்டு விக்குது, அதை வாங்குங்கோ. ஹெல்மெற் கட்டாயம்.

பிக்கரிங் தம்பி: இஞ்ச புல்லுத் தெரியுது, மலையில ஸ்னோ இருக்குமோ?

இருக்கும். உங்கட வீட்டு முற்றத்தைப் பாத்து முடிவெடுக்காதேங்கோ. இந்த மலையள் எல்லாம் இரவில ஸ்னோ கண் எண்ட, தண்ணியை விசிறி ஸ்னோ ஆக்கிற மெஷின் போட்டுத் தாங்களே ஸ்னோ செய்யிற இடங்கள். குளிர் -2, -3 ஆகினால் துவங்கலாம், காத்து காய்ஞ்சு இருந்தால் இன்னும் நல்லாச் செய்யலாம். கவனிக்க வேண்டியது மழை. பகல் மழை பெய்து இரவு உறைஞ்சால் விடியப்புறம் தரை கண்ணாடிதான், அண்டைக்குப் புது ஆக்கள் போகக்கூடாது.

மோல்வேர்ண் தங்கச்சி: வாடகைக் கடையில நிறை, உயரம், வயசு எல்லாம் கேக்கினம், ஏன்?

நல்ல கேள்வி தங்கச்சி. பூட்ஸைப் பிடிச்சிருக்கிற பைண்டிங், விழேக்க தானாக் கழரவேணும். எவ்வளவு விசையில கழரவேணும் எண்டதை உங்கட நிறை, உயரம், வயசு, பூட்ஸின்ர நீளம், எப்பிடி ஓடுறனீங்கள் எண்டதெல்லாம் வச்சுத்தான் பூட்டுவினம். வெக்கத்தில நிறையைக் குறைச்சுச் சொன்னால் ஓடேக்க சும்மா கழண்டு விழுத்தும். பொடியள் கெத்துக்கு "நான் நல்லா ஓடுவன்" எண்டு எழுதினால் இறுக்கிப் பூட்டுவினம், விழேக்க கழராது, முழங்கால்தான் திருகும். உண்மையைச் சொல்லுங்கோ, அங்க ஒருத்தரும் உங்களைப் பாத்துச் சிரிக்கமாட்டினம்.

பிரம்ரன் தம்பி: ஒன்ராறியோவில எங்க அண்ணை மலை இருக்கு? இதுக்குச் செலவழிக்கிற காசுக்கு நேர கியூபெக்கில இருக்கிற ட்ரெம்ப்ளாண்ட் போகலாமே.

புளூ மவுண்டன் அடியில இருந்து உச்சி 720 அடி, ட்ரெம்ப்ளாண்ட் 2,100 அடிக்கு மேல, கணக்கு எனக்கும் தெரியும். ஆனால் மலையின்ர உயரம் பழகுற ஆளுக்கு என்ன குடுக்கும் எண்டதுதான் கேள்வி. ட்ரெம்ப்ளாண்ட் உச்சியில இருந்து வாற பச்சைப் பாதையே, அதாவது ஆகச் சுகமான பாதையே, ஆறு கிலோமீற்றர் அளவு. நிப்பாட்டத் தெரியாத ஆள் பாதி வழியில கால் களைச்சு என்ன செய்யிறது? பச்சை, நீலம், கறுப்பு எண்ட அடையாளம் எல்லாம் அந்தந்த மலைக்குள்ள ஒப்பிட்டுப் போடுறது, இஞ்ச நீலத்தில ஓடினனான் எண்டு அங்க நீலத்தில ஏறாதேங்கோ.

அதே தம்பி: பெரிய மலையில ஓடினால்தான் பெரிய ஆளா வரலாம்.

அமெரிக்க ஸ்கீ வீராங்கனை லின்ட்ஸி வொன் பழகின இடம் மினசோட்டாவில பக் ஹில், 310 அடிதான். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில டவுன்ஹில் எண்ட வேகப் போட்டியில தங்கம். அமெரிக்கா வேண்டாமெண்டால் ரொறன்ரோவில பிறந்த ஜாக் க்ரோஃபோர்டைப் பாருங்கோ, புளூவுக்குப் பக்கத்தில இருக்கிற ஜோர்ஜியன் பீக்ஸ் கிளப் பிள்ளை, 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில வெண்கலம், 2023 உலகப் போட்டியில சூப்பர்-ஜீ எண்ட இன்னொரு வேகப் போட்டியில தங்கம். காரணம் இருக்கு: சின்ன மலையில கீழ வந்தவுடன கெதியா லிஃப்ற் பிடிச்சுத் திரும்ப மேல போகலாம், ஒரு பின்னேரத்துக்குள்ள அதே திருப்பத்தைத் திரும்பத் திரும்பச் செய்யலாம், உடம்பு அதிலதான் பழகும்.

இடையில வோனில இருந்து ஒரு அண்ணை: தம்பி சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு, பெரிய மலையின்ர காட்சி இஞ்ச வராது.

அது உண்மை அண்ணை, அதை நான் மறுக்கேல்ல. பழகினாப் பிறகு ட்ரெம்ப்ளாண்ட் போங்கோ, பான்ஃப் போங்கோ, நானே வழி சொல்லுறன். ஆனால் இந்த மலையளைக் கேவலமாக் கதைக்கிறது எனக்குப் பிடிக்காது. பிரிமகோமை நடத்துறது ஒரு கிளப், ஏர்ள் பேல்ஸ் சிற்றியின்ர, கிளென் ஈடன் ஹோல்ரன் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின்ர. காசு குறைஞ்ச குடும்பத்துப் பிள்ளையள் ஸ்கீயைத் தொடுறதே இப்பிடியான இடங்களிலதான். நாங்கள் போகாட்டி இதுகள் ஒவ்வொண்டா மூடுப்படும், பேந்து ட்ரெம்ப்ளாண்ட் போற வசதி இருக்கிறவைக்கு மட்டும்தான் இந்த விளையாட்டு.

பிரம்ரன் தம்பி: சரி அண்ணை, லேக்ரிட்ஜுக்கே முதல் போறன்.

பாடம் எடுத்துப்போட்டு ஏறுங்கோ.

வேறொரு தம்பி: மழை பெய்தது, ஸ்னோ இருக்குமோ?

மேல சொல்லிப்போட்டன்.

ஏஜிங்கோர்ட் அக்கா: மகன் நாலாம் கிறேட். இலவசம் எண்டு சொல்லுறாங்கள், உண்மையோ?

முழுக்க இலவசம் இல்ல. கனேடியன் ஸ்கீ கவுன்சில் நாலாம் ஐஞ்சாம் கிறேட் பிள்ளையளுக்கு ஸ்னோபாஸ் எண்டு ஒண்டு விக்குது, சின்னக் காசு கட்டினால் கனக்க மலையளில லிஃப்ற் ரிக்கெற் கிடைக்கும். வாடகையும் பாடமும் வேற. கட்டாயம் எடுங்கோ அக்கா.

யாழ்ப்பாணத்தில இருந்து அம்மா அப்பா வந்திருக்கினம், ரியூபிங் (காத்தடிச்ச ரியூபில இருந்து சறுக்குறது) கூட்டிக்கொண்டு போகலாமோ?

நாரிப் பிரச்சினை இருந்தால் வேண்டாம். அவையளுக்கு புளூ மவுண்டன் அடிவாரக் கடைத்தெரு காணும், நடந்து பாக்கலாம். ரோல்ஸும் ஃபிளாஸ்கில தேத்தண்ணியும் கொண்டுபோங்கோ, வழுக்காத சப்பாத்து வாங்கிக் குடுங்கோ.

விட்பி அண்ணை: எல்லா சீசன் ரயரோட பாரிக்கு அங்கால போகலாமோ?

ஒன்ராறியோவில சட்டம் தடுக்காது, ஆனால் போகாதேங்கோ. 7 பாகைக்குக் கீழ சாதா ரயரின்ர றப்பர் இறுகிப்போகும். ஜோர்ஜியன் பேயில இருந்து ஸ்னோ ஸ்குவால் வந்தால் ஹைவே 400 இல முன்னுக்குப் போற கார் தெரியாது, ஹைவே 26 ஐ மூடியும் போடுவினம். வெளிக்கிட முதல் றோட்டு நிலைமை சொல்லுற ஒன்ராறியோ 511 ஐப் பாருங்கோ. வின்ரர் ரயருக்கு 2016 இல இருந்து இன்சூரன்ஸ்காரர் கழிவு குடுக்கவேணும், கேட்டு வாங்குங்கோ. வடக்க போகவேணும் எண்டால் மவுண்ட் சென் லூயி மூன்ஸ்ரோன் எண்ட மலை இருக்கு, ஹைவே 400 இல எக்ஸிற் 131, 26 பக்கம் போகத் தேவையில்ல.

ஹோட்டல் எது மலிவு?

தெரியாது, என்ர துறை இல்ல.

இன்னொராள்: சிநேகிதன் பழக்கித்தாறன் எண்டவன், பாடம் தேவையோ?

தேவை. முதல் பதிலை வாசியுங்கோ.

மார்ச் பிறேக்குக்கு வந்தால் முடிஞ்சிருக்குமோ?

அநேகமா இருக்கும், செய்த ஸ்னோ கெட்டியா இருக்கும், உடன உருகாது. காலமை உறைஞ்சு கடுமையா இருக்கும், மத்தியானத்துக்குப் பிறகு சளசளத்துக் கால் இழுக்கும், அதால பத்துப் பதினொரு மணியளவில துவங்கி ரெண்டு மணிக்குள்ள முடியுங்கோ. வெயில் ஸ்னோவில பட்டுத் திரும்பி முகம் எரியும், பிள்ளையளுக்கும் சன்ஸ்கிறீன் பூசுங்கோ.