செயற்கைக் காலோடு கராத்தே பழகலாமா?

கேள்வி: ‘முழங்காலுக்குக் கீழே இடது கால் இல்லை. வயது 28, யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன். கராத்தே பழகலாமா? வகுப்பில் சிரிப்பார்களா?’

பழகலாம். சிரிப்பார்கள், ஆனால் நீங்கள் பயப்படுகிற இடத்தில் அல்ல.

எனக்கும் அதே இடது கால்தான். இங்கே கால் இல்லாத ஆளைக் கண்டால் ‘செல்லா, மிதிவெடியா?’ என்றுதான் கேட்பார்கள். எனக்கு மோட்டார் சைக்கிள். (அதைச் சொன்னதும் கேட்டவர் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் தெரியும், கவனித்திருப்பீர்கள்.) 31 வயதில், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சனசமூக நிலையத்தில், பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு வெள்ளைப் பட்டி கட்டிக்கொண்டு நின்றேன்.

அது எனக்கு இரண்டாவது வகுப்பு. முதல் வகுப்பில் என்னை அன்பாகத்தான் சேர்த்தார்கள். இரண்டு மாதம் ஓரமாக நின்று கைக்குத்து மட்டும் குத்தினேன். பிறகு ஒரு விழாவில் மேடையில் ஏற்றி, கால்சட்டையை முழங்கால்வரை மடிக்கச் சொல்லி, இரண்டு ஓடு உடைக்க வைத்தார்கள். சனம் எழும்பி நின்று கைதட்டியது. எனக்கு அப்போது ஒரு கட்டாகூட (அசைவுகளை வரிசைப்படி தனியாகச் செய்து காட்டுவது) முழுதாகத் தெரியாது. அடுத்த கிழமையே நின்றுவிட்டேன்.

ஆகவே மாஸ்ரரிடம் ‘என்னைச் சேர்ப்பீர்களா?’ என்று கேட்காதீர்கள். ‘பட்டிப் பரீட்சையில் என்னையும் பெயில் விடுவீர்களா?’ என்று கேளுங்கள். இப்போதைய மாஸ்ரர் “வடிவா விடுவன் தம்பி” என்றார். விட்டார், ஒரு தடவை.

சரி, காலுக்கு வருவோம். கராத்தே வெறுங்காலில் பழகுவது. சப்பாத்துக்கு அளவாகப் பொருத்திய செயற்கைக் காலைச் சப்பாத்து இல்லாமல் ஊன்றினால், குதி தாழ்ந்து ஆள் பின்பக்கம் சாய்வார். ரப்பர் பாதம் வைத்த ஜெய்ப்பூர் காலில் அந்தத் தொல்லை இல்லை. 1960களின் கடைசியில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் மருத்துவர் பி. கே. சேத்தியும் அதை உருவாக்கியபோதே, வெறுங்காலில் நடக்கிற, குந்தியிருக்கிற, வயலில் இறங்குகிற ஆட்களை நினைத்துத்தான் செய்தார்கள். யாழ்ப்பாணத்திலேயே ஜெய்ப்பூர் நிலையம் 1987 முதல் இருக்கிறது.

ஆனால் அதே ரப்பர் பாதம் சீமெந்துத் தரையை விடாமல் பிடித்துக்கொள்ளும். மவாஷி கெரி, அதாவது பக்கவாட்டில் சுழற்றி அடிக்கிற உதை, அடிக்கும்போது ஊன்றிய கால் திரும்ப வேண்டும். பாதம் திரும்பாது, சொக்கெட்டுக்குள் (மிஞ்சிய காலை நுழைக்கிற கூடு) இருக்கிற தோல்தான் திரும்பும். முதல் மாதமே தோல் உரிந்து இரண்டு கிழமை கெந்தித் திரிந்தேன். மாஸ்ரர் கண்டுபிடித்த வழி, பாதத்தை முதலே வெளிப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு அடிப்பது. என்ன அடி வருகிறது என்று எதிராளிக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும், அவ்வளவுதான். செய்சாவில், குதிகால் மேல் அமர்ந்து, மண்டியிடவும் ஏலாது. முழங்கால் மடிப்பில் சொக்கெட்டின் விளிம்பு வெட்டும். நான் சப்பாணி கட்டி இருந்துதான் வணக்கம் செய்கிறேன். சப்பாணி என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு, பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்க ஒரு நாள்கூட எடுக்கவில்லை.

சித்திரை வெயிலில் வியர்வை ஊறி, ஒரு முன்னுதையோடு சொக்கெட் சுழன்று என் கால்விரல்கள் பக்கத்து மதிலைப் பார்த்தபோதும் சிரித்தார்கள். நான் சொன்ன சிரிப்பு இதுதான். இப்போது வகுப்பின் நடுவில் காலைக் கழற்றித் துடைத்து, காய்ந்த சொக்ஸ் மாற்றுகிறேன். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி பிடித்து மிஞ்சிய காலைப் பார்ப்பேன். சிவந்த தடம் பத்து நிமிடத்தில் மறையாவிட்டால் அடுத்த வகுப்பு இல்லை.

உதை, குத்து எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது விழப் பழகியதுதான். தும்பு மெத்தை போட்டு மூன்று மாதம் விழுத்தினார் மாஸ்ரர். பின்பக்கம் விழும்போது நாடியை நெஞ்சோடு ஒட்டி வை, முதுகை வளை, இரண்டு கையாலும் பக்கவாட்டில் தரையை அடி, உள்ளங்கையைப் பின்னுக்கு ஊன்றாதே, மணிக்கட்டு முறியும். இதையே காலைக் கழற்றிவிட்டும் செய்ய வைத்தார். அதற்கு ஏன் என்று அப்போது விளங்கவில்லை. மாரி காலத்தில் ஒரு விடியற்காலை, கால் போடாமல் ஊன்றுகோலோடு கிணற்றடிக்குப் போனேன். பாசியில் ஊன்றுகோல் வழுக்கியது. நான் நினைக்கு முன்னமே நாடி நெஞ்சில் ஒட்டிக்கொண்டது, கை தரையை அடித்தது. முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். அம்மாதான் குழறினா. யோசித்துப் பாருங்கள், நம் போன்றவர்களை ஒருவர் வந்து தாக்குகிற நாள் எத்தனை, குளியலறையிலும் கிணற்றடியிலும் விழுகிற நாள் எத்தனை?

வேறு கலைகளையும் கேட்டுப் பார்க்கலாம். பார்வையில்லாதவர்களுக்கு ஜூடோ நல்ல பொருத்தம். 1988 சியோல் பராலிம்பிக்கிலிருந்தே இருக்கிறது, பெண்களுக்கு 2004 ஏதென்ஸிலிருந்து. இருவரும் ஒருவர் உடுப்பை மற்றவர் பிடித்துக்கொண்ட பிறகுதான் ‘ஹஜிமே’ (தொடங்கு) சொல்வார்கள், பிடி முற்றாக விட்டால் நிறுத்தி மறுபடி பிடிக்க வைப்பார்கள். பார்வை இல்லாத என் நண்பரிடம் இதைச் சொன்னேன். “அப்ப லைற்றை நிப்பாட்டிப்போட்டு வா” என்றார். பராலிம்பிக் டேக்வாண்டோ முக்கியமாகக் கையில் குறைபாடு உள்ளவர்களுக்கானது. தலைக்கு உதைக்கக் கூடாது. 2024 பாரிஸில் சாக்கியா குதாதாதி அதில்தான் வெண்கலம் எடுத்து, அகதிகள் அணிக்கு முதல் பராலிம்பிக் பதக்கத்தைக் கொடுத்தார். உலக அளவிலான பரா கராத்தேயில் சண்டை கிடையாது, கட்டா மட்டும்தான். சக்கர நாற்காலியில் இருந்தபடி செய்யும் பிரிவும் உண்டு.

நீங்கள் போட்டியைப் பற்றிக் கேட்கவில்லை, விடுங்கள். வகுப்பு மேல்மாடியில் என்றால் வேண்டாம், கீழ்த்தளத்தில், பக்கத்தில் தண்ணீர்க் குழாய் உள்ள இடமாகப் பாருங்கள். இரண்டு சோடி சொக்ஸ், ஒரு துவாய் கொண்டு போங்கள். முதல் நாள் ஓட்டோவில் போங்கள். திரும்பி வரச் சைக்கிள் மிதிக்கத் தொடை விடாது.