ஒரு பழைய திருடனை ஊர் எப்படி நம்பியது?

வணக்கம்.

எங்கள் சபைக்கு வந்த ஊழியர் ஒருவர் ஜார்ஜ் முல்லரைப் பற்றிப் பேசினார். திருடனாக இருந்தவர், சிறைக்குப் போனவர், மனந்திரும்பி ஆயிரக்கணக்கான அநாதைப் பிள்ளைகளை வளர்த்தார், யாரிடமும் ஒரு காசு கேட்காமல் ஜெபித்தே எல்லாம் நடத்தினார் என்றார். கேட்டபோது கண் கலங்கியது. வீட்டுக்கு வந்தபின் சந்தேகம். திருடிச் சிறைக்குப் போனவர் கையில் ஊரார் எப்படி அவ்வளவு பணத்தைக் கொடுத்தார்கள்? ஜெபத்தைத் தவிர வேறு ஏற்பாடு ஏதும் இருந்ததா?

அன்புடன்,
ஒரு வாசகர், நாகர்கோவில்

அன்புள்ள நண்பருக்கு,

முல்லர் செய்தது எந்த மாதிரித் திருட்டு என்பதைப் பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். நம்பி வைத்த பணத்தில் கை வைப்பதே அவர் வழக்கம். 1805இல் பிரஷியாவில் (இன்றைய ஜெர்மனியில்) பிறந்தார். அப்பா அரசாங்க வரி வசூல் அதிகாரி. பத்து வயதுக்கு முன்பே அந்த வசூல் பணத்தில் எடுக்கப் பழகிவிட்டார். ஒருநாள் அப்பா பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் பையனைச் சோதித்தார். காணாமல்போன காசு அவன் காலணிக்குள் இருந்தது. பதினாறு வயதில் விடுதிகளில் தங்கிவிட்டுப் பணம் கட்டாமல் நழுவியதற்காக 1821 டிசம்பர் 18 முதல் 1822 ஜனவரி 12 வரை வோல்ஃபன்பியூட்டல் என்ற ஊரில் சிறை. மாணவனாக இருந்தபோது தன் பெட்டியின் பூட்டைத் தானே உடைத்துவிட்டு, வீட்டிலிருந்து வந்த பணம் களவுபோய்விட்டது என்று நடித்தார். இரக்கப்பட்டு நண்பர்கள் பணம் கொடுத்தார்கள். 1825இல் நண்பர்களோடு சுவிட்சர்லாந்து போனபோது பொதுப் பணம் அவர் பொறுப்பில் இருந்தது. கணக்கைப் புரட்டி, மற்றவர்களுக்கு ஆன செலவில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் தனக்கு ஆகும்படி பார்த்துக்கொண்டார்.

இதையெல்லாம் யாரும் தோண்டி எடுக்கவில்லை. மனந்திரும்பியபின், 1836 ஏப்ரல் 11 அன்று இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரின் வில்சன் தெருவில் ஒரு வாடகை வீட்டில் சிறுமிகளுக்கான முதல் இல்லத்தைத் திறந்தார். அதற்கு அடுத்த ஆண்டே தன் பழைய வாழ்க்கையைத் தானே எழுதி அச்சிட்டுவிட்டார். காணிக்கை கொடுத்தவர்கள் தெரிந்தேதான் கொடுத்தார்கள்.

இனி ஏற்பாடுகள். ஒவ்வொரு காணிக்கைக்கும் எண்ணிட்ட ரசீது உண்டு. ஆண்டறிக்கையில் தேதி, தொகை வாரியாக எல்லாக் காணிக்கைகளும் அச்சாகும், கொடுத்தவர் பெயர் மட்டும் வராது. பெயர் சொல்லாமல் சில ஷில்லிங் கொடுத்த வேலைக்காரப் பெண்கூடத் தன் காசு போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துக்கொள்ளலாம். நண்பர்களின் பொதுப் பணத்தில் புரட்டு செய்தவர், அதே புரட்டைத் தன்னால் இனி செய்ய முடியாதபடி கட்டிவைத்த முறை இது என்றே நான் நினைக்கிறேன். தனக்கென்று சம்பளம் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. 1898இல் இறந்தபோது அவர் சொத்து, புத்தகங்களும் மேசை நாற்காலிகளும் உட்பட, சுமார் 160 பவுண்டு. வாழ்நாளில் அவர் கை வழியே போனது ஏறக்குறைய 15 லட்சம் பவுண்டு.

அடுத்தது கடன். ரொட்டிக்காரருக்கும் பால்காரருக்கும் வாரக் கடைசியில் கணக்கு முடிப்பதுதான் ஊர் வழக்கம். வாரக் கடைசியில் கையில் பணம் இல்லாமல் போனால் அதுவும் கடன்தானே என்று, அன்றன்றே ரொக்கம் கொடுக்கத் தொடங்கினார். இதனால் பற்றாக்குறை அன்றைக்கே தெரிந்துவிடும், மாதக்கணக்கில் மறைந்து பெருகாது. பணியாளர்களுக்கும் இருப்பு நிலவரத்தைச் சொல்லியிருந்தார். முடியாத நாளில் அவர்களே தங்கள் காசைப் போட்டார்கள். வெளியே மட்டும் வாய் திறப்பதில்லை. 1841 டிசம்பரில் கை மிகவும் வறண்டிருந்தபோது, அறிக்கை வெளியிட்டால் அது மறைமுகமாகக் கேட்பதாகிவிடும் என்று ஆண்டுக் கூட்டத்தையே தள்ளிவைத்தார். ஆண்டறிக்கையே ஒருவித வேண்டுகோள்தான் என்று சொன்னவர்கள் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. அறிக்கையைப் படித்துத்தான் பலர் அனுப்பினார்கள்.

பிள்ளைகள் பெருகியபோது நெருக்கடியானது பணம் மட்டுமில்லை, இடமும்தான். வில்சன் தெருவில் நான்கு வீடுகள், ஏறக்குறைய 130 பிள்ளைகள். விளையாட்டு நேரச் சத்தம், சாக்கடை, தண்ணீர் என்று 1845 அக்டோபரில் அண்டை வீட்டார் ஒருவர் மரியாதையாகவே கடிதம் எழுதினார். முல்லர் கோபப்படவில்லை. நியாயம் என்று ஒப்புக்கொண்டு ஊருக்கு வெளியே ஆஷ்லி டவுனில் சுமார் ஏழு ஏக்கர் வாங்கினார். ஏக்கருக்கு 200 பவுண்டு சொல்லியிருந்த நிலக்காரர் 120க்குக் கொடுத்தார். கட்டடத்துக்கு வேண்டிய பணம் சேரும்வரை வேலையைத் தொடங்கவில்லை. 1849 ஜூனில் 300 பிள்ளைகளுக்கான முதல் கட்டடம் திறந்தது. 1870க்குள் ஐந்து கட்டடங்கள், 2,050 பிள்ளைகளுக்கு இடம்.

அந்த அளவில் இல்லம் நடத்துவது எப்படிப்பட்டது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1857 நவம்பர் கடைசியில் முதல் கட்டடத்தைச் சூடாக்கும் கொதிகலன் ஒழுகியது. சுற்றிலும் செங்கல் வைத்துக் கட்டியிருந்ததால், இடிக்காமல் ஓட்டை எங்கே என்று பார்க்க முடியாது. இடிக்க நெருப்பை அணைக்க வேண்டும், வெளியே வாடைக்காற்று, உள்ளே சின்னப் பிள்ளைகள். முல்லர் தென்காற்றுக்காகவும், வேலையாட்களுக்கு மனம் வரவேண்டும் என்றும் ஜெபித்தார். கூடவே வேலைக்கு நாளும் குறித்து ஆட்களையும் ஏற்பாடு செய்திருந்தார். காற்று திரும்பியது, ஆட்கள் இரவு முழுக்க வேலை செய்து முடித்தார்கள். ஜெபமா ஏற்பாடா என்று நீங்கள் கேட்கிறீர்கள். அவரிடம் இரண்டும் எப்போதும் சேர்ந்தே இருந்தன.

வளர்ந்த பிள்ளையை வெறுங்கையோடு வெளியே விடவும் இல்லை. பையன்கள் பதினான்கு வயதளவில் தொழில் பழகப் போவார்கள், அதற்கான கட்டணத்தை இல்லமே கட்டும். பெண்கள் பெரும்பாலும் பதினேழு வரை இருப்பார்கள். போகும்போது உடுப்புகளும் ஒரு பைபிளும் ஒரு பெட்டியும் கொடுப்பார்கள்.

நம் பக்கத்திலும் இந்த வழியைப் பின்பற்றியவர்கள் உண்டு. திருநெல்வேலிச் சீமையில் டோனாவூர் பிள்ளைகள் இல்லத்தை நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேலும் யாரிடமும் பணம் கேட்பதில்லை என்றே வைத்திருந்தார்.

மேடையில் பொதுவாகச் சொல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். முல்லரின் இல்லத்தில் தாய் தகப்பன் இருவரையும் இழந்த, முறைப்படி மணம் செய்தவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு மட்டுமே இடம். தாய் உயிரோடிருந்து தெருவில் படுத்த பிள்ளைக்குக் கதவு திறக்காது. வாழ்நாளில் 10,000 பிள்ளைகளுக்கு மேல் அவர் வளர்த்தது உண்மை, இந்த விதி பலரை வெளியே நிறுத்தியதும் உண்மை. லண்டனில் இதேபோல் பிள்ளைகள் இல்லங்களை நடத்திய பர்னார்டோ நேர்மாறாக, ஆதரவற்ற எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்புவதில்லை என்று அறிவித்தார். ஆனால் பணத்தையும் நிர்வாகத்தையும் தன் ஒருவர் கையில் வைத்திருந்ததால் புகார்கள் எழுந்து, 1877இல் நடுவர் விசாரணையைச் சந்திக்க நேர்ந்தது. 1905இல் இறந்தபோது சுமார் இரண்டரை லட்சம் பவுண்டு கடன் இருந்தது. கணக்கு வைப்பதில் நான் முல்லர் பக்கம். கதவைத் திறப்பதில் பர்னார்டோ பக்கம்.