பெயருக்கு மட்டும் கொடியவன்: இளையோர் நாவலில் எப்படிக் கண்டுபிடிப்பது

"பின்னட்டையில் இரக்கமற்றவன் என்கிறார்கள், உள்ளே ஒரு தப்பும் செய்யமாட்டான்; நிஜமாகவே இருண்ட நாயகன் எங்கே கிடைப்பான்?" என்று கேட்டிருந்தீர்கள். எரிச்சல் நியாயமானதுதான்.

பின்னட்டையை நம்பாதீர்கள். யாருக்குக் கெடுதல் செய்கிறான் என்று பாருங்கள். அடிபடுபவர்கள் எல்லாருமே அவனைவிடக் கெட்டவர்கள் என்றால் இருட்டு வெறும் உடைதான். வேறு வழி இருந்தும், தன்னை நம்பியவரையே பலிகொடுக்கிறானா? அதுதான் சோதனை.

அதில் முழுசாகத் தேறுவது சூசன் காலின்ஸின் 'தி பாலட் ஆஃப் சாங்பேர்ட்ஸ் அண்ட் ஸ்னேக்ஸ்' (2020). 18 வயது நாயகன் ஸ்னோ முட்டைக்கோஸ் வேகவைக்கும் காட்சியில் கதை தொடங்குகிறது. பழைய சட்டைக்குக் குளியலறை ஓட்டுச்சில்லில் பொத்தான் செய்து தருகிறாள் அக்கா முறையுள்ள டைகிரிஸ். அந்த வறுமையைப் பார்த்து நாம் அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். பிறகு ஒவ்வொரு துரோகத்துக்கும் அவன் சொல்லும் காரணம் நமக்கும் சரியாகவே படும்; பயமே அங்கேதான். முன்கதைதான் என்றாலும் முதலில் வந்த மூன்று 'ஹங்கர் கேம்ஸ்' நாவல்களையும் படித்துவிட்டு வாருங்கள். அவன் என்னவாகப் போகிறான் என்று தெரிந்தால்தான் கனம் கூடும்.

லீ பார்டுகோவின் 'சிக்ஸ் ஆஃப் க்ரோஸ்' (2015) அருமையான நாவல், ஆனால் உங்கள் கேள்விக்குப் பாதி விடைதான். திருட்டுக் கும்பலின் தலைவன் காஸ், ஒருவனின் கண்ணைப் பிடுங்குகிறான். அந்த ஆளோ காஸின் கூட்டாளி இனேஜைக் குத்தியவன். பழிவாங்கல் என்று மனசு எளிதாக மன்னித்துவிடுகிறது.

பெண் பாத்திரம் வேண்டுமென்றால் மேரி லூவின் 'தி யங் எலீட்ஸ்' (2014). நாயகி அடெலினாவின் மாய சக்தியே பயத்திலும் கோபத்திலும் வளர்கிறது. மூன்று பாகம், முதலாவதோடு நிறுத்திவிடாதீர்கள், சரிவு இரண்டாவதில்தான் வேகமெடுக்கிறது.