மொய்க்கவரில் 101 வைக்கலாமா? சிவப்பு குறித்த வாசகர் கேள்விகள்

சிவப்பு நிறத்தின் சடங்கு, சாயம், வழக்கம் பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே. "இந்த நாட்டில் சிவப்பு என்றால் இது" என்று ஒருவரிப் பட்டியல் கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும். எந்த நிகழ்ச்சி, யார் உடுத்துகிறார்கள், எதனால் ஆன சிவப்பு என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

ஆரத்தித் தண்ணீர் சில நாள் நல்ல சிவப்பாக வருகிறது, சில நாள் செங்கல் நிறத்தில் கலங்குகிறது. காலையில் கரைத்து வைத்தால் மாலைக்குள் வெளுத்தும் போகிறது. ஏன்? (வாசகி, தஞ்சாவூர்)

மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின். வெறும் தண்ணீரிலும் புளிப்பிலும் மஞ்சளாகவே இருக்கும். காரத்தன்மை ஏறினால் சிவக்கும். அந்தக் காரத்தைத் தருவது சுண்ணாம்பு. ஒரு டம்ளர் (200 மில்லி) தண்ணீருக்குக் கால் தேக்கரண்டி மஞ்சள்தூளும், சுண்டைக்காயில் பாதியளவு வெற்றிலைச் சுண்ணாம்பும் போதும். மஞ்சளை முதலில் கரைத்துவிடுங்கள். சுண்ணாம்பைத் தனியே ஒரு குழிக்கரண்டி நீரில் கலக்கி, அடியில் தங்கவிட்டு, மேல்நீரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். நிறம் பிடித்ததும் நிறுத்திவிடலாம். சுண்ணாம்பைக் கட்டியாகப் போட்டால் வெள்ளைத் துகள் கலந்து சிவப்பை மங்கடிக்கும். உங்கள் செங்கல் நிறம் அதுதான்.

சிவக்கவே இல்லை என்றால் சுண்ணாம்பைப் பாருங்கள். டப்பாவில் காய்ந்து கெட்டிப்பட்டது காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடி கல்லாகியிருக்கும். அதில் எவ்வளவு போட்டாலும் காரம் போதாது.

வெளுத்துப்போவதற்குக் காரணம், குர்குமின் கார நீரில் விரைவில் சிதைவதுதான். மணமக்கள் வாசலுக்கு வரும் நேரத்துக்குக் கால்மணி முன்பு கரைத்தால் போதும். அலுமினியத் தட்டு வேண்டாம், சுண்ணாம்பு அதை அரிக்கும். துணியில் தெறித்த கறை சோப்பு பட்டதும் சிவப்பாகும். சோப்பும் காரம் என்பதால் வரும் மாற்றம் அது. அலசினால் மஞ்சளுக்குத் திரும்பும். பருத்தியாக இருந்தால் வெயிலில் போடுங்கள், மீதி மங்கிவிடும். பட்டுத் துணியை அப்படிப் போடக் கூடாது.

குங்குமம் வீட்டில் செய்ய முடியுமா? கடையில் வாங்கியது நெற்றியில் அரிக்கிறது. (வாசகி, கும்பகோணம்)

முடியும். உடைத்த குண்டு மஞ்சள் 100 கிராம், வெண்காரம் 10 கிராம், படிகாரம் 1 கிராம், எலுமிச்சைச் சாறு 50 முதல் 60 மில்லி. மஞ்சளைத் துவரம்பருப்பு அளவுக்கு உடைத்துக்கொள்ளுங்கள். வெண்காரத்தையும் படிகாரத்தையும் பொடித்துச் சாற்றில் கரைத்து, கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரத்தில் மஞ்சளோடு பிசறுங்கள். சாறு முழுக்க இழுக்கும்வரை காலையும் மாலையும் கிளறிவிட வேண்டும். பிறகு நிழலில் உலர்த்தி, இடித்து, மெல்லிய துணியில் சலித்து, நெற்றியில் ஒட்டுவதற்குச் சில சொட்டு நல்லெண்ணெய் சேர்த்துத் தேயுங்கள்.

பலருக்கும் கெட்டுப்போகும் இடம் உலர்த்துவதுதான். அவசரத்துக்கு வெயிலில் போட்டால் வெளிச்சம் குர்குமினைக் கெடுத்து, பழுப்பு நிறப் பொடிதான் மிஞ்சும். துண்டு பெரிதாக இருந்தால் நடுவில் சாறு இறங்காமல் மஞ்சளாக நிற்கும். ஆரத்திச் சிவப்பு எலுமிச்சை பட்டால் மஞ்சளாகிவிடும். குங்குமத்துக்கோ எலுமிச்சைச் சாற்றையே ஊற்றுகிறோம், அதுவும் சிவந்துதான் வருகிறது. வெண்காரத்தில் உள்ள போரான் குர்குமினோடு சேர்ந்து வேறொரு சிவப்புச் சேர்மத்தை உண்டாக்குவதே காரணம். வெண்காரம் வாய்க்குள் போகக் கூடாது. குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

அரிப்புக்குப் பெரும்பாலும் செயற்கைச் சாயம் காரணமாகலாம். ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் தூவிப் பாருங்கள். கிளறாமலே பளீரென்று ரோஜா நிறம் ஓடினால் அது சாயம் ஏற்றிய மாவு. செந்தூரம் வேறு சரக்கு. ஆரஞ்சு கலந்த சிவப்பாக, அளவுக்கு மீறிக் கனக்கும் பொடியில் ஈயச் செந்தூரம் இருக்கக்கூடும். பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சாதிலிங்கமும் அதே குடும்பத்து நச்சுச் சிவப்புதான். ஈயத்தை வீட்டில் சோதித்து உறுதிசெய்ய வழியில்லை. சந்தேகம் இருந்தால் குழந்தைக்கு இடாதீர்கள், இட்ட விரலோடு சாப்பிட உட்காராதீர்கள்.

சிங்கப்பூரில் உடன் வேலை செய்யும் சீன நண்பருக்குத் திருமணம். நம் ஊர் வழக்கப்படி 101 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மொய் வைக்கலாம் என்று இருக்கிறேன். சிவப்புச் சட்டை போடலாமா? (வாசகர், சிங்கப்பூர்)

101 வேண்டவே வேண்டாம். மொய்யில் ஒரு ரூபாய் சேர்த்து 101, 501 என்று வைப்பது நமக்கு மங்கலம். சீன வழக்கத்தில் நல்ல காரியத்துக்கு இரட்டைப்படைதான். ஒற்றைப்படைத் தொகை துக்க வீட்டுக்கு உரியது. நீங்கள் நல்ல மனதோடு வைத்த ஒரு வெள்ளி அங்கே இரங்கல் பணமாகத் தெரியும்.

அங்பாவ் என்னும் மொய் உறை சிவப்பாக இருக்க வேண்டும், வெள்ளை உறை கூடாது. 4 என்ற எண்ணின் ஒலி சாவைக் குறிக்கும் சொல்லின் ஒலியை ஒத்திருப்பதால் தொகையில் 4 வராமல் பாருங்கள். 8 விரும்பப்படும் எண். 128, 168, 188 என்பவை வழக்கமான தொகைகள். விருந்தில் ஓர் இருக்கைக்கு ஆகும் செலவையாவது ஈடுகட்டுவது அங்கே எழுதாத விதி. ஓட்டலைப் பொறுத்துத் தொகை மாறும் என்பதால், ஏற்கெனவே போய்வந்த சக ஊழியரிடம் கேட்டுவிடுவது நல்லது. புதுநோட்டு வையுங்கள், உறையின் பின்புறம் உங்கள் பெயரை எழுதி வரவேற்பு மேசையில் கொடுங்கள். பெயரைச் சிவப்பு மையில் எழுதாதீர்கள். அதற்கான காரணம் அடுத்த கேள்வியில்.

சட்டைக்கு வருவோம். முழுச் சிவப்பு மணப்பெண்ணுக்கு உரியது, முழு வெள்ளையும் முழுக் கறுப்பும் துக்கத்துக்கு. இளஞ்சிவப்பு, நீலம், பொன்னிறம் எல்லாம் பாதகமில்லை. நம் வீட்டுப் பெண்கள் அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு போனால் யாரும் தவறாக எடுக்கப்போவதில்லை. ஆனாலும் வேறு நிறம் இருக்கும்போது அதை உடுத்துவதே மரியாதை.

துக்க வீட்டுக்குப் போக நேர்ந்தால் வெள்ளை உறையில் ஒற்றைப்படைத் தொகை. இதைப் பெக் கிம் என்பார்கள். புறப்படும்போது உங்களுக்குச் சிவப்பு நூல் தருவார்கள். சாவின் தீட்டு உங்களோடு வராமல் காப்பதற்கு அது, மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே சிவப்பு உடை மட்டும் கூடவே கூடாது.

சீனாவிலும் கொரியாவிலும் ஆட்களின் பெயரைச் சிவப்பில் எழுதினால் கோபப்படுவார்களாமே? (வாசகர், கோயம்புத்தூர்)

ஆமாம், ஜப்பானிலும் அப்படித்தான். கொரியாவில் குடும்பப் பதிவேட்டில் இறந்தவர் பெயரைச் சிவப்பில் குறிக்கும் வழக்கம் இருந்தது. ஆகவே உயிரோடு இருப்பவர் பெயரைச் சிவப்பில் எழுதுவது சாபம் போலப் படும். அங்கிருந்து வந்த மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவர்கள் வருகைப் பதிவில் சிவப்புப் பேனாவைத் தவிர்ப்பது நல்லது. தவறான விடையைச் சிவப்பில் திருத்துவதில் தடையில்லை.

ஆனால் கல்லறையில் இது தலைகீழாகும். ஜப்பானியக் கல்லறைகளிலும் சீனக் கல்லறைகளிலும் கணவர் இறந்ததும் மனைவியின் பெயரையும் சேர்த்தே செதுக்கிவிடுவது உண்டு. உயிரோடு இருக்கும் அவர் பெயருக்கு மட்டும் சிவப்புப் பூச்சு. அவரும் போனபின் அந்தப் பூச்சை எடுத்துவிடுவார்கள். பதிவேட்டில் இறந்தவரைக் காட்டிய அதே நிறம் கல்லில் இருப்பவரைக் காட்டுகிறது. ஒருவரிப் பட்டியல்கள் தடுக்கி விழுவது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

ஆப்பிரிக்காவில் சிவப்பு துக்க நிறம் என்கிறார்கள். உண்மையா? (வாசகர், மதுரை)

கண்டம் முழுமைக்கும் ஒரு நிறம் கிடையாது. கானா நாட்டின் அகான் மக்களிடம், குறிப்பாக அசாந்தி மக்களிடம், இது உண்மை. நெருங்கிய உறவினர் சிவப்பும் கறுப்பும் உடுத்துவார்கள். கோபெனே என்ற செந்நிறத் துணி துக்கத்துக்கென்றே உரியது. மிக மூத்தவர் நிறைவாழ்வு வாழ்ந்து போனால் வெள்ளை சேரும். அடக்கம் முடிந்த ஞாயிறு நன்றி வழிபாட்டிலும் வெள்ளையும் கறுப்பும்தான். அசாந்தி வீட்டுச் சாவுக்குப் போனால், துணி எது என்று குடும்பத்தாரே சொல்லிவிடுவார்கள். சொன்னதை உடுத்துங்கள்.

கூறைப் புடவை முதல் சலவையிலேயே சாயம் விட்டுவிட்டது. உப்பு, வினிகர் போட்டு ஊறவைத்தால் நிற்கும் என்கிறார்களே? (வாசகி, மயிலாடுதுறை)

நிற்காது. உப்பும் அமிலமும் சாயத் தொட்டியில் பயன்படும், ஏற்றி முடித்த சாயத்தை அவற்றால் நிறுத்த முடியாது. சிவப்பும் அரக்கும் ஓடக் காரணம், அடர்ந்த நிறம் வேண்டுமென்று ஏற்றிய சாயத்தில் இழையோடு பிணையாத மிச்சம். கட்டுவதற்கு முன்பே சோதித்திருக்கலாம்: ஈர வெள்ளைத் துணியை உள்மடிப்பில் அரை நிமிடம் அழுத்தி எடுத்தால் தெரிந்துவிடும். இனி குளிர்ந்த நீரில், தனியாக, ஊறவைக்காமல், மென்மையான திரவச் சோப்பில் அலசுங்கள். சலவைத்தூளின் காரம் பட்டில் சாயப் பிணைப்பைத் தளர்த்தும். ஈரத்தோடு மடித்து வைக்காதீர்கள், பார்டர் நிறம் புடவையின் உடல்பகுதியில் இறங்கிவிடும்.

பழைய சிவப்புகளின் கதை வேறு. பட்டுக்கு அரக்குப் பூச்சியிலிருந்து எடுத்த சாயம், பருத்திக்குச் சோழமண்டலக் கரையின் சாயவேர். துணியைக் கடுக்காயிலும் எருமைப் பாலிலும் ஊறவைத்து, படிகாரம் ஏற்றிய பிறகே சாயவேரில் கொதிக்கவிடுவார்கள். படிகாரம் நிறத்தை இழையோடு பூட்டிவிடும். அந்தத் துணிகளை ஐரோப்பியர் கப்பல் கப்பலாக வாங்கிப்போக அதுவும் ஒரு காரணம். 1868இல் அலிசாரின் என்ற சிவப்பைச் செயற்கையாகச் செய்யக் கண்டுபிடித்ததும் வேர்ச்சாயத் தொழில்கள் விழத் தொடங்கின.

ஜப்பானில் அறுபதாம் வயதில் சிவப்பு அணிவது நம் மணிவிழாவுக்குத் தொடர்புடையதா? (வாசகர், திருக்கடையூர்)

நேரடித் தொடர்பு சொல்ல முடியாது, கணக்கு மட்டும் ஒன்றுதான். கிழக்காசியாவில் ஆண்டுகளுக்குப் பெயரிடும் பத்துத் தண்டு, பன்னிரண்டு கிளை என்ற இரண்டு வரிசை சேர்ந்து 60 ஆண்டில் ஒரு சுற்று முடியும். பிரபவ முதல் அட்சய வரை நமக்கும் 60. பிறந்த ஆண்டின் பெயர் அறுபதில் திரும்பும்: 1964 குரோதி, 2024ம் குரோதி. ஜப்பானியர் இதைக் கன்ரேக்கி என்பார்கள். கையில்லாத சிவப்பு மேலங்கியும் சிவப்புத் தொப்பியும் அணிவிப்பார்கள். தீங்கு அண்டாமல் இருக்கப் பச்சைக்குழந்தைக்குச் சிவப்பு உடுத்திய பழக்கம் அது. அறுபதில் மறுபடி குழந்தை என்று கணக்கு.

இதே சுற்றில் "நெருப்புக் குதிரை" ஆண்டும் உண்டு. அதில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாது என்ற நம்பிக்கையால் 1966இல் ஜப்பானில் பிறப்புகள் ஏறக்குறையக் கால்பங்கு குறைந்தன. 2026 அடுத்த சுற்று.

மருத்துவரான என் மகன் காரில் சிவப்புச் சிலுவை ஒட்டியிருக்கிறான். குற்றம் என்கிறார் நண்பர். (வாசகர், சேலம்)

நண்பர் சொல்வது சரி. வெள்ளைப் பின்புலத்தில் சிவப்புச் சிலுவை மருத்துவத்தின் பொதுச் சின்னம் இல்லை. 1864 ஜெனீவா ஒப்பந்தம் போர்க்களத்து மருத்துவப் பணிக்கு ஒதுக்கிய பாதுகாப்புச் சின்னம் அது, சுவிஸ் கொடியின் நிறங்களைத் தலைகீழாக்கி அமைத்தது. இந்தியாவில் 1960ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டப்படி அனுமதியின்றிப் பயன்படுத்துவது தண்டனைக்குரியது. மருந்துக்கடைப் பலகைக்கும் இது பொருந்தும். கண்ட இடத்தில் எல்லாம் ஒட்டினால், குண்டு விழும் ஊரில் அது காக்கும் சின்னமாக நிற்காது. ஒட்டியதை எடுக்கச் சொல்லுங்கள். முதலுதவிப் பெட்டிக்குச் சர்வதேசக் குறி பச்சையில் வெள்ளைச் சிலுவை.

காளை சிவப்பைக் கண்டால் மிரளுமா? (வாசகர், அலங்காநல்லூர்)

மாட்டுக்குச் சிவப்பைப் பிரித்தறியும் கண் இல்லை. ஸ்பானிய மைதானத்தில் அது பாய்வது துணி அசைவதால். நீலத் துணியை ஆட்டினாலும் பாயும்.

சீனப் பங்குச்சந்தை விலைப் பலகை முழுக்கச் சிவப்பாக இருந்ததால் விற்றுவிடலாமா என்று யோசித்தேன். (வாசகர், சென்னை)

நல்லவேளை கேட்டீர்கள். சீனா, தைவான், ஜப்பான், தென்கொரியா சந்தைகளில் சிவப்பு என்றால் விலை ஏற்றம். இறக்கத்துக்குச் சீனாவில் பச்சை, கொரியாவில் நீலம். ஹாங்காங்கில் மட்டும் நம்மைப் போலப் பச்சைதான் ஏற்றம் என்பதால், ஒரே நிறுவனப் பங்கை இரண்டு சந்தையிலும் பார்ப்பவர்கள் குழம்புவார்கள். கைப்பேசியில் ஏறும் வரைபட எமோஜியின் கோடு சிவப்பாக இருப்பதும் அது ஜப்பானில் பிறந்ததால்தான். பல செயலிகளில் அமைப்புகளுக்குள் போய் ஏற்ற இறக்க நிறத்தை மாற்றிக்கொள்ளலாம். அதற்கு முன் நிறத்தை விட்டு, எண்ணுக்கு முன்னால் இருப்பது கூட்டலா கழித்தலா என்று பாருங்கள்.